புட்டு பாயும் மூன்றாவது டேப்பும்

பெயர் வைக்காத பொருளுக்கு மின்சாரம் கொடுப்பது பாவம் என்று மனதார நம்பிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அந்த ஒருவரும் துபாயை அடுத்த ஜெபல் அலியில் எங்கள் கம்பெனியில்தான் வேலை பார்த்தார். புட்டு பாய்.

அவருடைய சொந்தப் பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தது. வேறு எங்கும் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. கீழக்கரைக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கழுத்து வரை பட்டன். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் சொன்னதைக் கேட்டு நாங்கள் சிரித்தால், எங்களுக்கு ஏதோ உடம்புக்கு முடியவில்லை என்பது போலக் கவலையோடு பார்ப்பார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. துறைமுகத்தில் இறங்கும் சரக்கை வாங்கி, கிடங்கில் வைத்து, கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது எங்கள் கம்பெனியின் தொழில். ஆறு கிடங்குகள். எந்தப் பெட்டி எந்தக் கிடங்கில் எந்த அடுக்கில் இருக்கிறது என்ற விவரம் முழுவதும், குளிர்சாதனப் பெட்டி அளவு இருந்த ஒரே ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் இருந்தது. மவுஸ் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. வேண்டியதை வரிவரியாக அடித்துத்தான் அதனிடம் வேலை வாங்க வேண்டும். நான் அதற்கு புரோகிராம் எழுதுகிறவன். திருச்சியிலிருந்து வந்து, மனைவியோடு துபாய் சத்வாவில் ஒரு தையல் கடைக்கு மேலே குடியிருந்தேன். தினமும் காலையில் கம்பெனி வேனில் ஜெபல் அலி போவேன். பாய் அந்தக் கம்ப்யூட்டரைப் பராமரிக்கிறவர். ஆட்கள் தங்கக் கம்பெனி கட்டிய கேம்ப்பிலேயே தங்கியிருந்தார்.

அந்த யூனிக்ஸுக்குள் இரண்டு பட்டியல்கள் உண்டு. கம்ப்யூட்டரோடு இணைத்த ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயரும் ஒரு குறிப்பும் எழுதி வைப்பதற்கு ஒன்று. அந்தக் கருவிகளைக் குழு குழுவாகப் பிரித்து வைப்பதற்கு இன்னொன்று. முதல் பட்டியலில் எழுத ‘புட்டெவ்’ என்று ஒரு கட்டளை. இரண்டாவதற்கு ‘புட்டிகுரூப்’. அப்போது யூனிக்ஸ் வைத்திருந்த பலருக்கு இப்படி இரண்டு கட்டளைகள் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் தொடுவதில்லை, அது இல்லாமலே எல்லாம் ஓடும். பாய்க்கு மட்டும் ஓடாது. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, அடிக்கிற கட்டளையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடிப்பார். கண்ணாடிக்கு வெளியே நிற்கிற கிடங்கு ஆட்களின் காதில் ‘புட்டு, புட்டு’ என்று மட்டும் விழும்.

பெயர் அப்படி வந்தது. வந்த பெயர் கேம்ப் மெஸ் வரைக்கும் போய்விட்டது. மெஸ்ஸில் சமையல் செய்த ஹம்சாக்கா கோழிக்கோட்டுக்காரர், நல்ல மனிதர். அவர்கள் வழக்கில் ‘காக்கா’ என்றால் அண்ணன். ஒரு தமிழர் இத்தனை பேர் அறியப் புட்டின் மேல் ஆசை வைத்திருக்கிறாரே என்று அவருக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலும் பாய்க்கென்று தனியாகக் குழாய்ப் புட்டு அவித்து, கடலைக் கறியோடு கொண்டுவந்து வைப்பார். ஒரு வெள்ளிக்கிழமை ஏதோ வேலையாகக் கேம்ப்புக்குப் போயிருந்த நான், பாய் ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதைப் பார்த்தேன். ஹம்சாக்கா உள்ளே போனதும் மெதுவாகக் கேட்டேன். சின்ன வயதிலிருந்தே புட்டு தொண்டையில் அடைக்கும் என்றார். பிறகு ஏன் சாப்பிடுகிறீர்கள் என்றதற்கு, லீவு நாளில் விடிவதற்கு முன்னால் எழுந்து அவிக்கிறவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று என்னையே திருப்பிக் கேட்டார். இரண்டு வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மேனேஜரின் செயலாளர் மரியாவுக்குப் புதிய பிரிண்டர் வந்த கதை கம்பெனி முழுவதும் பிரசித்தம். மரியா கோவாக்காரப் பெண், அவசரக்காரி. பெட்டியைப் பிரித்து மேஜையில் வைத்துக்கொண்டு பாயைக் கூப்பிட்டார். பாய் வந்து, பிரிண்டரைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு, இதற்கு என்ன பெயர், எந்தக் குழு, இதன் சுபாவம் என்ன என்று கேட்டார். இப்போதுதானே பெட்டியிலிருந்து எடுத்தோம், சுபாவம் எப்படித் தெரியும் என்றார் மரியா. அப்படியானால் தெரிகிற வரை இணைக்க முடியாது என்று பாய் போய்விட்டார். இரண்டு நாள் மரியா ஒவ்வொரு தாளுக்கும் மூன்றாம் கிடங்குக்கு நடந்தார். மூன்றாம் நாள் பாய் வந்து இணைத்தார். பட்டியலில் பார்த்தோம். பெயர் ‘மரியம்’. குறிப்பு, ‘வேகம் அதிகம். காகிதத்தைக் கசக்கும்.’ மரியா எங்களிடம் அர்த்தம் கேட்டார். நல்ல வேகமான பிரிண்டர் என்று எழுதியிருக்கிறது என்று மட்டும் சொன்னோம்.

குறிப்புகளை எல்லாம் பாய் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாகத்தான் எழுதுவார். இரண்டாம் கிடங்கு பிரிண்டருக்கு, ‘இடது பக்கம் தட்டினால் எழுதும். வலது பக்கம் தட்ட வேண்டாம்.’ வாசல் காவலரின் திரையும் கீபோர்டும் கொண்ட டெர்மினலுக்கு, ‘பொறுமைசாலி. டீ கொட்டப்பட்டது.’ டேப் கருவி ஒன்றுக்கு வெறும் ‘மூக்கடைப்பு’. அந்த ஊர்ப் புழுதி உள்ளே போய் அது அடிக்கடி நின்றுவிடும். எங்கள் மேனேஜர் லெபனான்காரர், கண்டிப்பானவர். ஒரு நாள் பட்டியலை அச்செடுத்துப் பார்த்துவிட்டு, இந்த ‘மூக்கடைப்பு’ எந்த நாட்டு ஸ்டாண்டர்டு என்று கேட்டார். இந்தியன் ஸ்டாண்டர்டு என்று பாய் கொஞ்சமும் அசையாமல் பதில் சொன்னார். மேனேஜர் அதைக் குறித்துக்கொண்டார்.

குழு பிரிக்கும் பழக்கம் கம்ப்யூட்டரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தான் ஏறாத எங்கள் வேனிலும் தாள் எழுதி ஒட்டிப் பிரித்தார். வாந்தி வருகிறவர்கள் ஜன்னல் ஓரம், தூங்குகிறவர்கள் நடுவில், டிரைவரோடு பேசி அவரைத் தூங்கவிடாமல் வைக்கக்கூடியவர்கள் முன்னால். ஒரு மாதம் எல்லோரும் கேலி செய்தோம். அதற்குப் பிறகு எல்லோரும் அப்படித்தான் உட்கார்ந்தோம்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நாட்களுக்கு நடுவில்தான் அந்தக் காரியம் நடந்தது.

எங்களிடம் மூன்று டேப் கருவிகள் இருந்தன. கம்ப்யூட்டரில் இருக்கும் விவரத்தைக் கெட்டுப்போனால் திரும்ப எடுப்பதற்காக டேப்பில் நகல் எழுதி வைப்போம். முதல் இரண்டு கருவிகளும் தினசரி நகலுக்கு. அன்றன்றைக்கு மாறியதை மட்டும் எழுதுபவை. மூன்றாவது மாதக் கடைசியில் முழு நகல் எழுதுவதற்கு மட்டும். முழு நகல் எழுதி முடித்துவிட்டால், பழைய தினசரி டேப்புகளை அழித்து மறுபடி உபயோகிக்கத் தொடங்கிவிடுவோம். அதனால் அந்த ஒரு முழு டேப்தான் எங்கள் உயிர்.

ஜூலை மாதக் கடைசியில் ‘மூக்கடைப்பு’ ஒரேயடியாக நின்றுபோய் ரிப்பேருக்கு துபாய் போனது. ஒரு கருவி குறைந்ததால் பாய், மூன்றாவதைத் தற்காலிகமாகத் தினசரிக் குழுவில் சேர்த்தார். வியாழக்கிழமை மதியம் அதே மூன்றாவது கருவியில் மாதக் கடைசி முழு நகலையும் எழுதத் தொடங்கினோம். எழுதி முடிய நேரமாகும் என்பதால் டேப்பை உள்ளேயே விட்டுவிட்டு எல்லோரும் வாராந்தர லீவுக்குப் போனோம். சனிக்கிழமை காலையில் பாய் வந்து அதை எடுத்துப் பக்கத்துக் கட்டிடத்து இரும்பு அலமாரியில் வைக்க வேண்டும். ஆனால் சனிக்கிழமை காலையில் ரிப்பேர் கடையிலிருந்து அழைப்பு வந்து, பாய் நேராக அங்கே போய்விட்டார்.

கம்ப்யூட்டர் அறையில் டியூட்டி பார்த்தவன் ராஜமாணிக்கம். பட்டுக்கோட்டைக்காரன், இருபத்தாறு வயது ஆபரேட்டர். கல்யாணமாகி நாற்பதாவது நாளில் விமானம் ஏறி வந்தவன். ஊரில் பெண் குழந்தை பிறந்து ஏழு மாதம். இன்னும் பார்க்கவில்லை. அடுத்த மாதம் லீவு. சனிக்கிழமை மதியம் அவன் வழக்கம்போல் பாய் எழுதிக்கொடுத்த தாளைப் பார்த்து, தினசரி நகலுக்கான கட்டளையை அடித்தான். தினசரிக் குழுவில் எந்தக் கருவி வேலையில்லாமல் இருக்கிறதோ அதைக் கம்ப்யூட்டரே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அன்றைக்கு அது மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தது. உள்ளே இருந்த முழு மாத நகலின் மேல் அன்றைய நகலை எழுதியது. எழுதி முடித்ததாகச் செய்தியும் கொடுத்தது.

யாருக்கும் தெரியாது. மாலையில் திரும்பிய பாய் அந்த டேப்பை எடுத்து அலமாரியில் வைத்தார். புதன்கிழமை காலையில் டிஸ்க் கெட்டுப்போனது. அலமாரியிலிருந்து டேப்பை எடுத்துப் போட்டபோதுதான் அதில் ஒரே ஒரு நாள் கதை மட்டும் இருப்பது தெரிந்தது. பழைய தினசரி டேப்புகளை அதற்குள் அழித்தாயிற்று. ஆறு கிடங்குகளிலும் ஒரு மாதமாக உள்ளே வந்த சரக்கு எங்கே இருக்கிறது என்று சொல்லக் கம்ப்யூட்டரில் எதுவும் இல்லை.

அன்று கம்பெனி எப்படி இருந்தது என்பதை விவரிக்கப்போவதில்லை. வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. மேனேஜர் டியூட்டி நோட்டை வாங்கிப் பார்த்தார். சனிக்கிழமைக்கு நேரே ராஜமாணிக்கத்தின் கையெழுத்து இருந்தது. அவனைக் கூப்பிட்டு, தவறான டேப்பைப் போட்டாயா என்று கேட்டார். அவன், டேப் எதையும் நான் தொடவில்லை, தாளில் இருந்ததை அடித்தேன் என்று மூன்று தடவை சொன்னான். மேனேஜர் விசாவைக் கேன்சல் செய்து ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் அனுப்பச் சொல்லிவிட்டு, “கலாஸ்”, முடிந்தது என்று நோட்டை மூடினார். அப்படிக் கேன்சல் ஆகிப் போனவன் திரும்பி வருவது அந்த நாளில் சுலபமில்லை.

ராஜமாணிக்கம் கண்ணாடி அறைக்கு வெளியே சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்துவிட்டான். நான் போனபோது நிமிர்ந்து பார்த்து, “அண்ணே, நான் ஒண்ணும் பண்ணலண்ணே” என்றான்.

பாய் உள்ளே இருந்தார். நான் கதவைத் திறந்துகொண்டு போனேன். அப்போதுதான் தற்காலிக டிஸ்க் போட்டு, வேறொரு டேப்பில் பத்திரமாக இருந்த பட்டியல்களை மட்டும் திரும்ப ஏற்றியிருந்தார். வாயில் எந்தக் கட்டளையும் இல்லை, அமைதியாக அடித்தார். தினசரிக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கும் கட்டளை. திரையில் மூன்று பெயர்கள் வந்தன. இரண்டுதான் வர வேண்டும்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. சனிக்கிழமை ‘மூக்கடைப்பு’ திரும்பி வந்ததும் அதைக் குழுவில் சேர்த்திருக்கிறார். மூன்றாவதை வெளியே எடுக்க மறந்திருக்கிறார். அதைவிட, வியாழக்கிழமையே எடுத்திருக்க வேண்டும்.

சொன்னால் வெட்கம். ஆனாலும் சொல்ல வேண்டும். எனக்கு முதலில் தோன்றியது அதை மறைத்துவிடலாம் என்பதுதான். அந்தக் குழுப் பட்டியலைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தவர்கள் அந்தக் கம்பெனியில் நாங்கள் இருவர் மட்டும். குழுவிலிருந்து ஒரு பெயரை எடுக்க ஒரு வரி போதும். நான் குனிந்து மெல்லச் சொன்னேன்.

“பாய், ஒரு வரிதான். எடுத்துடுங்க. மெஷின் கோளாறுன்னு ரிப்போர்ட் எழுதிடலாம். ராஜமாணிக்கமும் தப்பிச்சுடுவான், நீங்களும் தப்பிச்சுடுவீங்க.”

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“மெஷின் சொன்னதத்தானே தம்பி செஞ்சிருக்கு” என்றார். “அந்தப் புள்ளயும் சொன்னதத்தான் செஞ்சிருக்கான். சொன்னது நான்.”

“உங்க விசா புதுப்பிக்கிற நேரம், பாய்.”

“தெரியும்.”

அந்தப் பட்டியலை அப்படியே அச்சுக்குக் கொடுத்தார். அச்சு முடிந்ததும் தாளைக் கிழித்து, மூன்றாவது பெயருக்குக் கீழே கோடு போட்டு, ஓரத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். பாஸ்போர்ட்டில் இருந்த அந்தப் பெயரை அன்றைக்குத்தான் அவர் கைப்பட எழுதிப் பார்த்தேன். வெளியே வந்து ராஜமாணிக்கத்தின் முன்னால் நின்றார். அவன் எழுந்திருக்கப் பார்த்தான்.

“உக்காருப்பா” என்றார். “தப்பு உன்னுதில்ல. இப்ப போயி சொல்லிட்டு வர்றேன்.”

மேனேஜர் அறைக்குள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தான் ஏதாவது விட்டுவிட்டால் நான் ஞாபகப்படுத்த வேண்டுமாம். அரை மணி நேரம் பேசினார். கருவிகளின் பட்டியல் என்றால் என்ன, குழு என்றால் என்ன, ஒரு கருவி ஒரே நேரத்தில் இரண்டு குழுவில் இருந்தால் என்ன ஆபத்து என்று ஆரம்பத்திலிருந்து விளக்கினார். ‘மூக்கடைப்பு’ என்பது ஸ்டாண்டர்டு இல்லை, மூக்கடைப்புதான் என்பதையும் அந்த இடத்தில் ஒப்புக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மேனேஜர் முழுவதும் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நீயாகச் சொல்லாவிட்டால் இதை வேறு யாராவது கண்டுபிடித்திருக்க முடியுமா? பாய் யோசித்துப் பார்த்துவிட்டு, முடியாது என்றார். மேனேஜர் எழுந்து ஜன்னல் பக்கம் போய், வெளியே நின்ற லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ராஜமாணிக்கத்தின் விசா கேன்சல் காகிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். சரக்கு விவரம் முழுவதும் மறுபடி ஏறும்வரை பாய் இருக்க வேண்டும் என்றும், அதற்குப் பிறகு விசா புதுப்பிக்கப்படாது என்றும் சொன்னார். இதைவிடக் குறைவாகத் தண்டனை கொடுத்தால் தலைமை அலுவலகத்தில் தன்னைக் கேட்பார்கள் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது பாயின் முகத்தை அவர் பார்க்கவில்லை. பாய் தாங்க்ஸ் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

பதினோரு நாள். ஆகஸ்ட் மாத வெயில், தகரக் கூரைக் கிடங்குகள். ஒவ்வொரு அடுக்கிலும் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்து, எண்ணைச் சத்தமாகப் படித்து, தாளில் எழுதி, டெர்மினலில் அடித்தோம். பாய் எங்களைக் குழுவாகப் பிரித்தார். இந்த முறை ஒருவரும் கேலி செய்யவில்லை. உயரம் ஏறுகிறவர்கள், கண்ணாடி போடாமல் படிக்கக்கூடியவர்கள், கையெழுத்து தெளிவாக இருக்கிறவர்கள். மரியா சத்தமாகப் படித்தார். ஹம்சாக்கா மோர் கொண்டுவந்து ஊற்றிவிட்டு, தானும் ஒரு வரிசைப் பெட்டிகளைப் பார்த்துக் கொடுத்தார். ராஜமாணிக்கம் பாயை விட்டு நகரவில்லை. அவர் ஏணியில் ஏறினால் இவன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். வெயில் தாங்காமல் பாய் ஒரு மதியம் மயங்கி உட்கார்ந்தபோது அவனேதான் தூக்கிக்கொண்டு வந்து குளிர் அறையில் படுக்க வைத்தான். அரை மணி நேரத்தில் எழுந்து, நான்காம் கிடங்கில் எந்த அடுக்கில் விட்டோம் என்று கேட்டார்.

ஐந்தாம் கிடங்கின் கடைசி மூலையில் மூன்று பெட்டிகள் கிடைத்தன. எந்தக் காகிதத்திலும் அவை இல்லை. திறந்து பார்த்தால் உள்ளே பிளாஸ்டிக் ரோஜாக்கள். யார் அனுப்பியது, யாருக்கு வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அதையும் ஏற்ற வேண்டும் என்றார் பாய். குறிப்பு என்ன எழுதட்டும் என்று ராஜமாணிக்கம் கேட்டான். பாய் ஒரு பூவை எடுத்துப் பார்த்துவிட்டு அவரே அடித்தார். ‘உரியவர் தெரியவில்லை. பார்க்க நன்றாக இருக்கிறது.’

பதினோராம் நாள் மாலை லாரிகள் நகரத் தொடங்கின. ஒரு பெட்டிகூடத் தொலையவில்லை. மேனேஜர் கண்ணாடி அறைக்கு வந்து, பாய் எழுந்து நின்றதும் கையைக் கொடுத்தார். முடிவை மாற்றவில்லை. ஆனால் ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அதில் பாயை ‘தன் வேலையைப் பற்றிப் பொய் சொல்லத் தெரியாதவர்’ என்று எழுதியிருந்தது. நல்ல வேலை தேடுவதற்கு இது உதவுமா என்று பாய் என்னிடம் உண்மையாகவே சந்தேகம் கேட்டார். பிற்பாடு அதுவே ரியாத்தில் பத்தா பக்கம் ஒரு கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அங்கே அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ தெரியாது.

ராஜமாணிக்கம் லீவில் போனான். குழந்தையைப் பார்த்துவிட்டு, சொன்ன தேதியில் திரும்பி வந்தான். ஆனால் பாய் போனது அவன் திரும்புவதற்கு நான்கு நாட்கள் முன்னால். வந்தவன் பெட்டியைக்கூட இறக்காமல் கண்ணாடி அறைக்கு வந்து, உள்ளே நான் மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போனான்.

பாயின் கடைசி நாளில் நான்தான் அவரோடு இருந்தேன். மேஜையைத் துடைத்தார். சாவிகளைக் கொடுத்தார். ஒரே ஒரு காரியம் பாக்கி என்றார். கம்ப்யூட்டருக்குள் நுழைய ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்குப் பெயர் இருக்கும், ஆள் வேலையை விட்டுப் போனதும் அதை நீக்கிவிட வேண்டும். அதை அவரேதான் எல்லோருக்கும் செய்து வந்தார். தன்னுடையதைத் தானே நீக்குவது முறையில்லை என்றார்.

“நான் போனதும் என் பேரை எடுத்துடுங்க தம்பி. மறந்துடாதீங்க. ஆள் இல்லாத பேரு உள்ள இருக்கக் கூடாது.”

சரி பாய் என்றேன்.

வருடத்துக்கு ஒரு தடவை தலைமை அலுவலகத்திலிருந்து வந்து கம்ப்யூட்டரைச் சோதிப்பார்கள். பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்து, பாயின் பெயரில் நிறுத்தி, இவர் யார், எங்கே என்று கேட்பார்கள். ஊருக்கு லீவில் போயிருக்கிறார் என்பேன். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியில் நான் இருந்த நான்கு வருடமும் அப்படித்தான் சொன்னேன்.